மச்சான் போட்ட கார்டு

எனக்குக் கோபம் வராது. வந்தால் போகாது. அந்த வருஷம் சித்திரை இரண்டாம் தேதி வந்தது. தபால்காரன்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

தொண்டாமுத்தூரில் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான் மருதாசலத்தின் கார்டு அது. மச்சானுக்கு எழுத்து வாசனை கிடையாது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் தங்கை, அதாவது என் மனைவி பூவாத்தாளுக்கும் அந்த வாசனை கிடையாது. ஆகையால் நானே உரக்கப் படித்துத் தொலைத்தேன்.

‘மாப்பிள்ளை பி.ஏ. பட்டம் வாங்கியவர். எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்று மட்டும் தெரியாது. வாரா வாரம் நான் காய்கறி மூட்டை அனுப்பாவிட்டால் வெறும் ரசந்தான்.’

“அப்படியுங்களா எழுதிப்போட்டாங்க எங்கண்ணன்?”

“பின்ன நானா கட்டிச் சொல்றேன்?”

“உடுங்க. உள்ளதைத்தானுங்க எழுதியிருக்கறாங்க.”

உள்ளதாமே! சாய்வு நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தேன்.

“இனிமே உங்கண்ணன் மூட்டை இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது! ஆனியில அவரைக் கூப்பிட்டு, என் தோட்டத்துக் காயை ஆக்கிப் போட்டு, மூக்கை உடைக்கலீன்னா தாலுகா கச்சேரி உத்தியோகத்தையே உட்டுப்போடறேன்!”

“மம்பட்டி கதவு மூலைல இருக்குதுங்க. நேத்துத்தான் புதுப் பிடி போட்டு வச்சனுங்க.”

கோடை மழையில் புழக்கடை மண் இளகியிருந்தது. மச்சானின் மண்டை என்று நினைத்துக்கொண்டு கொத்தினேன். எருப் போட்டேன். வெண்டையும் புடலையும் ஊன்றினேன், கத்தரி நாற்று நட்டேன். கையெல்லாம் கொப்புளம். மாதக் கடைசியில் நாற்காலிப் பக்கம் நகர்ந்தேன். அடுத்த கார்டு வந்து விழுந்தது.

‘கத்தரி வெயிலுக்குப் பயந்தவருக்குக் கத்தரிக்காய் எதற்கு?’

பயமா? எனக்கா? காலையும் மாலையும் கோயமுத்தூர்க் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தேன். நாற்றுக்குத் தென்னங்கீற்றால் நிழல் கட்டினேன். எனக்கு நிழல் கட்டத்தான் ஆளில்லை.

வைகாசியில் ஒரு நாள் களையெடுக்காமல் படுத்துவிட்டேன். மறுநாளே கார்டு. ‘மாப்பிள்ளை தோட்டத்தில் இந்த வருஷம் கோரைப்புல் அமோகமாமே?’ நான் படுத்தது தொண்டாமுத்தூருக்கு எப்படித் தெரிந்தது? யோசித்திருக்கலாம். கோபம் யோசிக்க விட்டால்தானே!

புடலைக்குப் பந்தல் போட்டேன். பிஞ்சுகள் வளைந்து சுருண்டன. நாலாவது கார்டு:

‘புடலங்காய்க்குக் கல்லைக் கட்டினால் நேராகும். மாப்பிள்ளைக்குக் கல்யாணமே கட்டியும் நேராகவில்லை.’

அன்று நான் கட்டிய கல்லின் கனத்தில் இரண்டு பிஞ்சு அறுந்தே விழுந்தது.

ஆனியில் மச்சான் வந்தார். வெண்டைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, புடலங்காய்க் கூட்டு. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கை கழுவும்வரைதான் பொறுத்தேன். நாலு கார்டையும் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இப்பச் சொல்லுங்க மச்சான்! பட்டம் தெரியாதவன் யாரு?”

“என்னங்க மாப்பளை இது? நான் எங்கீங்க கார்டு போட்டேன்? பங்குனிக் கடைசியில ஆனை பூந்து தோட்டத்தையே மிதிச்சுப்போட்டுதுங்க. இந்தத் தடவை காய் அனுப்ப முடியாதுன்னு பூவாத்தா அம்மணிகிட்டச் சொல்லி உட்டனுங்களே!”

கார்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். நாலிலும் தொண்டாமுத்தூர் முத்திரை இல்லை, எங்கள் கோயமுத்தூர் முத்திரை.

“பூவாத்தா! இதை எழுதுனது யாரு?”

“நாந்தானுங்க. எதிர் ஊட்டு இஸ்மத்துகிட்ட ரெண்டு வருசமாப் படிக்கறனுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“எழுதத் தெரியுமான்னு நீங்க எப்பங்க கேட்டீங்க?”

“காய் வேணும்னா வாயைத் தொறந்து கேக்கறதுக்கென்ன புள்ளே?”

“மூணு வருசமாக் கேட்டனுங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாத்தானுங்க எந்திரிக்கறீங்க.”

சொல்லிக்கொண்டே ஒரு சாக்கு நிறைய என் வெண்டையையும் கத்தரியையும் கட்டி அண்ணன் கையில் கொடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“மூட்டை கூடாதுன்னு சொன்னனா இல்லியா?”

“படி ஏறக்கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. இது எறங்குதுங்க.”

இனி எந்தக் கார்டுக்கும் அசைவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஆடி முதல் தேதி தபால்காரன் வந்தான். பூவாத்தாள் கையெழுத்தேதான். எழுதியது யார் என்று தெரியும். எதற்கு என்றும் தெரியும்.

‘ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும். மாப்பிள்ளையால் ஆகாது.’

ஆகாதாமே! மம்பட்டியை எடுத்தேன்.