துண்டை உருவிய பெங்களூர் ஷீலா

நான் ரெக்கார்டு டான்ஸ் ஆடியவள். வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போதெல்லாம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்து முகம் சுளிக்கிறவர்கள், காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போகிறார்கள். எனக்குப் பால் நட்டம்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவள், அட்டைக்கடி பொறுக்காமல் மலையிறங்கி ஒரு டான்ஸ் குழுவில் சேர்ந்தேன். ஊர்ப் பொங்கல்களில் சினிமாப் பாட்டைப் போட்டு மேடையில் ஆட வேண்டும். முத்துப்பேச்சி என்று அறிவித்தால் யார் காசு கொடுப்பார்கள்? மைக்கில் நான் 'பெங்களூர் ஷீலா'. (பெங்களூர் எந்தத் திசை என்று யாராவது கேட்டிருந்தால் பக்கத்து ஊரான சிலமலைப் பக்கம் கையைக் காட்டியிருப்பேன்.)

எனக்குக் கொடுத்தது கழற்றிப் போடும் பாட்டு. நீளக் கோட்டு, கையுறை, சால்வை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வீச வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஒரு ஜிகினா கவுனும், அதற்குள்ளே கழுத்து முதல் கணுக்கால்வரை தோல் நிறத்தில் ஒட்டித் தைத்த துணியும். அதைத் தோல் என்று நம்புகிறவர்கள் எழுந்து வந்து ரூபாய் நோட்டை ஊக்கால் குத்திவிட்டுப் போவார்கள். அப்படிக் குத்த வைப்பதுதான் தொழிலே. ஆட்டம் அதற்கு ஒரு சாக்கு.

அந்த வித்தைதான் எனக்கு வரவில்லை. "அலட்டிக்காம நில்லுடி, அவுகளா வருவாக" என்றாள் என்னோடு ஆடிய ரத்னா. அலட்டிக்காமல் நின்றேன். நடுப்பாட்டில் கொட்டாவி வந்துவிட்டது. "பாவம்ப்பா, ஒரு பாயக் கொண்டாங்க" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். சரி, நாமேதான் முனைய வேண்டும்போல என்று அடுத்த ஊரில் முனைந்தேன். முன்வரிசையில் ஒருத்தரைக் கண்ணால் பிடித்தேன். அவர் ஒன்றுக்குப் போக எழுந்தார். நான் விடவில்லை. சிரித்துக்கொண்டே, இடுப்பை வெட்டிக்கொண்டே, கருவேலமரம்வரை அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

"அட்டை மாதிரி ஒட்டுறியேடி! அட்டைக்கு எவனாச்சும் துட்டு குடுப்பானா?" என்று ரத்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

குழுவை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கே போக வர இருக்கிறது) மேடைக்குப் பின்னால் வைத்து அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு பேச்சி, இன்னிக்கு ஒரு நோட்டாச்சும் ஒம்மேல ஏறணும். இல்லேன்னா விடிஞ்சதும் ஜீப்புல ஏத்தி மலைக்கே அனுப்பிருவேன்."

எனக்குக் கணுக்கால் அப்போதே அரிக்க ஆரம்பித்தது. அட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டம் ஆடப் போனவள் ஆடத் தெரியாமல் திரும்பி வந்தாள் என்று தோட்டத்துச் சனம் முழுக்கச் சிரிக்குமே, அதைத்தான் பொறுக்க முடியாது.

விளக்கு வைத்த கையோடு ஆட்டம் தொடங்கியது. அன்று மாட்டுச் சந்தையும் கூடியிருந்ததால் நல்ல கூட்டம். முன்வரிசையில் சில்க் ஜிப்பாவும் மோதிரமுமாக ஒரு பெரியவர். பக்கத்தில் ஒல்லியாக இன்னொருவர். இருவர் மடிக்கும் நடுவே ஒரு துண்டு கிடந்தது. பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தலையை ஆட்டினார். மனுசன் மயங்கிவிட்டார், நோட்டை எடுக்கத்தான் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். (கண் என் மேல் இருந்ததே தவிர, அவர் மனசு ஒரு சோடிக் காளையின் மேல் இருந்தது.)

சால்வை போயிற்று. கையுறை போயிற்று. கோட்டும் போயிற்று. ஒரு நோட்டும் ஏறவில்லை. பாட்டு முடியப் போகிறது, கழற்றி வீச என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. என்னிடம் இல்லாவிட்டால் என்ன, அவரிடம் ஒன்று இருக்கிறதே! மேடையிலிருந்து குதித்தேன். ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணடித்து, அந்தத் துண்டைச் சர்ரென்று உருவி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் பின்னிக் கிடந்தன. மாட்டு யாவாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். அடுத்தவருக்குத் தெரியாமல், துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், ஒரு விரலுக்கு ஆயிரம் ரூபாய் என்று. மலையில் வளர்ந்த கழுதைக்கு இது எங்கே தெரியும்? ஒல்லி ஆள் தரகர். அவருடைய நான்கு விரல்களைப் பெரியவர் இறுக்கிப் பிடித்திருந்தார், டியூப்லைட் வெளிச்சத்தில், ஊரே பார்க்க.

இரண்டு வரிசை தள்ளி, மாட்டை விற்க வந்தவர் எழுந்து தரகரைக் கேட்டார்.

"நாலு வெரலா? ரெண்டுக்கு மேல ஏற மாட்டேங்கிறாருன்னு எங்கிட்டச் சொன்னீகளேய்யா!"

பெரியவரும் தரகர் பக்கம் திரும்பினார். "ஏய், அவரு அஞ்சுக்குக் கீழ எறங்க மாட்டாருன்னுல்ல எங்கிட்டச் சொன்ன?"

தரகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டைக்கூடக் கேட்காமல் கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடிவிட்டார். நாற்காலிகள் உருண்டன. மைக்செட்காரர் ரெக்கார்டை நிறுத்தினார். மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மேடையில் ஏறி ரத்னாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் கண்ணுக்கு ஜீப்பைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

கீழே, விற்கிறவரும் வாங்குகிறவரும் முதல் முறையாக வாயால் பேசி மூன்று விரலுக்கு முடித்தார்கள். முடித்த கையோடு விற்றவர் விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் கழுத்தில் கிடந்த துண்டில் ஒரு நோட்டைக் குத்தினார்.

"தாயி, இனிமே நான் எந்தச் சந்தைக்குப் போனாலும் நீயும் கூட வந்துரு" என்றார்.

பின்னாலேயே பெரியவரும் வந்து குத்தினார். அப்புறம் சிரித்த சனமெல்லாம் வரிசையில் வந்து குத்தியது. நான் மேடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். காசுக்காக அழவில்லை. மலையேற வேண்டாம் என்பது அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. அப்படி ஒரு நிம்மதி பிறகு எனக்குப் பிள்ளை பெற்றபோதுதான் வந்தது.

அன்றோடு நான் ஒட்டுவதையும் விட்டேன், கொட்டாவியையும் விட்டேன். சங்கதி சுற்று வட்டாரம் பூராவும் பரவிவிட்டதால், சும்மா நின்று ஒருவர் துண்டைப் பார்த்தாலே போதும். அவரே நோட்டோடு எழுந்து வந்துவிடுவார்.

ரெக்கார்டை நிறுத்திவிட்டு அன்று விழுந்து விழுந்து சிரித்த மைக்செட்காரர்தான் இன்று என் வீட்டுக்காரர். அந்த ஊர்தான் அவருடைய ஊர். நான் என்ன செய்து பிழைத்தேன் என்று யார் கேட்டாலும் அவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். கேட்டுச் சிரித்து முடிக்கிறவர்கள் முகம் சுளிக்க மறந்துவிடுவார்கள்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அவர் அதைத்தான் சொன்னார். என் பழைய பிழைப்பு என் பிள்ளையின் கல்யாணத்தில் வந்து நிற்கிறதே என்று அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, நாற்காலியில் போட்டு, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"ம், இப்பச் சம்பந்தம் பேசலாம் தாயி" என்றார்.