இரண்டடிச் சுவர்

சுவர் மறுபடியும் தொப்பை போட்டிருந்தது.

இரண்டடி உயரம்தான். தோட்டத்து மேட்டு மண் வாசல்வரை சரிந்து வராமல் தாங்க வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. அதையும் அது செய்யவில்லை.

"சாயுதா?" என்றாள் மனைவி, ஜன்னலிலிருந்து.

"சாயல. சாஞ்சு உக்காந்துக்குது."

ஆள் வைத்திருக்கலாம். ஆனால் மாமனார் இருந்தார். அடுத்த ஊரில், அவர் தோட்டத்திலும் இப்படி ஒரு சுவர். தன் கையால் கட்டியது என்பார். இத்தனை வருடத்தில் ஒரு கல் அசையவில்லை. மாப்பிள்ளை போகும்போதெல்லாம் அதன் மேல் உட்காரவைத்துத்தான் பேசுவார். சுவர் கட்ட ஆள் வைக்கிறவன் பல் விளக்கவும் ஆள் வைப்பான் என்பது அவர் வாக்கு. கல்யாணமான புதிதில் ஆணி அடிக்கப் போய்த் தண்ணீர்க் குழாயில் அடித்த மாப்பிள்ளைக்கு அவர் வைத்த பெயர் 'குழாய்'. இன்னும் அது மாறவில்லை.

அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்க்க வருகிறார்.

முதல் தடவை கல்லை வெறுமனே அடுக்கினான். செடிகளுக்குத் தண்ணீர் விட்டதும் சுவர் வளைந்துகொடுத்தது. அடுத்த தடவை இண்டு இடுக்கு விடாமல் சிமெண்ட் பூசினான். மழை பெய்தது. பின்னால் தேங்கிய தண்ணீர், போக வழியில்லாமல், சுவரையே தள்ளிக்கொண்டு புறப்பட்டது. முட்டுக்கொடுக்கத் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடுங்கினான். காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. மனைவி திட்டவில்லை.

"அப்பா ஒரே வாரத்துல கட்டினார்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் லீவு சொல்லிவிட்டுக் கொத்தனாரை வரவழைத்தான். அதிகம் பேசாத மனிதர். சுவரைச் சுற்றி வந்து, யார் கட்டியது என்று கேட்டார். முன்பு குடியிருந்தவர்கள் என்றான். கொத்தனார் சிரிக்கவில்லை. விஷயம் வெளியே போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டபோதும் ஆச்சரியப்படவில்லை.

"யாராவது வந்தா நான் யாரு?"

அவன் இதை யோசித்திருக்கவில்லை. "ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர்?"

கொத்தனார் பையைத் திறந்து காட்டினார். கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம். அவற்றுக்கு அடியில், தாளில் சுற்றி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

மத்தியானத்துக்குள் பழையதைப் பிரித்து, பள்ளம் தோண்டி, பின்னால் ஜல்லி கொட்டி, தண்ணீர் வெளியேற அடியில் துண்டுக் குழாய்கள் வைத்துச் சுவரை எழுப்பிவிட்டார். குழாய்தான் சுவரைக் காப்பாற்றும் என்றார். அவனுக்கு அது பிடித்திருந்தது.

கடைசிக் கல்லுக்குக் கலவை வைக்கும்போது வாசலில் கார் நின்றது.

மனைவிதான். அப்பாவுக்கு ஞாயிறுவரை பொறுக்கவில்லையாம். அரைநாள் லீவு போட்டுப் பெற்றோரை அழைத்து வந்திருந்தாள். கதவு திறப்பதற்குள் கொத்தனார் வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார். முழங்காலுக்குக் கீழே இன்னும் சிமெண்ட்.

ஆபீஸ் நண்பர், சும்மா பார்க்க வந்தார் என்றான். மனைவி காலைப் பார்த்தாள். டீ போடுவதாகச் சொன்னாள். இவர் ஆபீஸில் எப்படி என்று அந்த நண்பரிடம் விசாரித்தாள்.

"அஸ்திவாரம் நல்லா இருக்கும்மா" என்றார் கொத்தனார். "மேலதான் கொஞ்சம் ஆட்டம்."

மாமனார் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கொத்தனாரைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். கொத்தனார் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிவார், தட்டுவார், குறை சொல்வார் என்று அவன் காத்திருந்தான். மாமனார் சுவர் பக்கமே போகவில்லை.

"நல்லாவே இருக்கு, மாப்பிள்ளை. வாங்க, உள்ள போவோம்."

குழாய் இல்லை. மாப்பிள்ளை. அவனுக்கு இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்றிருந்தது. உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தான்.

"மாமா, இந்தச் சுவர் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் மாமனார், அவன் கையைப் பிடித்து இழுத்தபடி.

கடைசியாகக் காரிலிருந்து இறங்கிய மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, தம்பியா? எங்க வீட்டுச் சுவர் கட்டுறப்போ இவர் ஆபீஸ்ல இருந்தீங்க. இப்ப மாப்பிள்ளை ஆபீஸுக்கு மாத்திட்டாங்களா?"