பூநாக சாமியும் எருக்குழிப் புழுவும்

1973 சித்திரையில் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. புழு பார்க்க வந்தார்கள்.

பூநாக சாமி அருள்பாலித்துக்கொண்டிருந்தார். மண்புழுவைப் பூநாகம் என்று சொன்னால் அதற்கு மரியாதை கூடிவிடுகிறது. அவை ஆதிசேஷன் பிள்ளைகளாம். சாமி கூப்பிட்டால் காசியிலிருந்து பூமிக்குள்ளேயே நடந்து வருமாம். கால் இல்லாதது எப்படி நடக்கும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் நாகதோஷம்.

முறை எளிது. வயலில் மஞ்சளால் வட்டம் போடுவார். செம்பிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். உடுக்கை அடிப்பார். புழு வந்தால் மண் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் செத்துவிட்டது. செத்த மண்ணை வைத்திருப்பவர் வம்சம் தங்காது.

அரிசி மில் அருணாச்சலத்தின் வயலில் மட்டும் புழு வந்தது. மற்ற வயலெல்லாம் செத்துக் கிடந்தது. செத்த மண்ணை வாங்கவும் அருணாச்சலம் ஒருவர்தான் பயப்படவில்லை. கம்பெனிக்காரர்கள் ஜீப்பில் வந்து நிலம் பார்த்துப் போன மாதம் அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. உடுக்கைச் சத்தம் அதிகம்.

சம்பூர்ணத்துக்கு இருந்தது அரை ஏக்கர். புருஷன் போன பிறகு அதில் உழைத்துத்தான் மகள் செல்வியை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். செல்விக்கு இப்போது எட்டு மாதம். முந்தாநாள் சாமி அந்த வயலில் செம்புத் தீர்த்தம் முழுவதையும் கவிழ்த்தார். ஒரு புழுகூட வரவில்லை.

"மண்ணு செத்துப்போச்சும்மா. வயித்துல இருக்கிற பேரப்புள்ளய நினைச்சுக்கோ" என்றார் சாமி.

அதற்கு மேல் சம்பூர்ணம் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அருணாச்சலத்தின் வயலிலேயே விற்பனைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குப்பாயி வந்து சேர்ந்தாள். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்தவள். தூண்டிலுக்கு இரை வேண்டி, சம்பூர்ணத்தின் வயலில் புழு தோண்ட வருடந்தோறும் கடப்பாரையோடு வருகிறவள்.

"இன்னாக்கா, கல்யாண ஊடு மாதிரி கூட்டம்?"

சம்பூர்ணம் சொன்னாள். குப்பாயி வாயைப் பிளந்தாள்.

"சித்திரையில புழு வரலன்னு நெலத்த விக்கிறியா? வெயில் காலத்துல மூணு அடி தோண்டாம நான் என்னிக்காவது புழு எடுத்துகினு போயிருக்கேனா? நீ பாத்துகினுதான இருந்த?"

பார்த்ததுதான். வருடா வருடம் பார்த்தது. சாமி சொன்னதும் கண் பார்த்தது மறந்துபோயிற்று.

அருணாச்சலத்தின் வயலில் தீர்த்தம் விழுந்தது, உடுக்கை அதிர்ந்தது. வட்டத்துக்குள் சிவப்பாய், மெல்லிசாய்ப் புழுக்கள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குப்பாயி உள்ளே புகுந்து ஒன்றை இரண்டு விரலால் தூக்கினாள்.

"ஐயையோ, தொட்டுட்டா!"

"சாமி, இது எந்த ஊர் புழு?"

"காசி."

"எங்க நைனா ரங்கூன்ல மூட்டை தூக்கினவரு. அந்த ஊர் புழு வேற தினுசுன்னுவாரு. இங்க வயல்ல ஒண்ணு, ஏரிச் சேத்துல ஒண்ணு. மண்ணுக்கு மண்ணு மாறும். இந்தச் செவப்புப் பொடிசு எருக்குழியில கெடக்கறது. காசி ரொம்ப தூரம் சாமி. மில்லுக்காரர் ஊட்டு எருக்குழிதான் கிட்ட."

எங்கோ ஒருவர் சிரித்தார். அருணாச்சலம் சீறினார். "மீன் புடிக்கிறவளுக்கு இன்னாடி தெரியும்?"

"மீனுக்குத் தெரியும். புழு மாத்திப் போட்டா மீனு வாயத் தொறக்காது. மனுசன்தான் எதப் போட்டாலும் முழுங்கறான்."

செம்பை எடுத்து முகர்ந்தாள். "அரைச்ச கடுகு. எரிச்சல் தாங்காம வருதுங்க. உங்க மேல ஊத்தினா நீங்களும்தான் துள்ளுவீங்க. சாமி, இதே வயல்ல பத்தடி தள்ளி ஊத்துங்க பாப்போம்."

"நாகம் உறங்குகிறது" என்றார் சாமி.

சம்பூர்ணம் செம்பைப் பிடுங்கினாள். பத்தடி நடந்து மிச்சத் தீர்த்தத்தை ஊற்றினாள்.

"அடி சாமி, உடுக்கைய."

அடித்தார். கூட்டம் குனிந்து பார்த்தது. மண் சும்மா கிடந்தது.

"மில்லுக்காரர் மண்ணும் செத்துப்போச்சுடோய்!" என்று கத்தினான் ஒருவன்.

வட்டத்தைத் தோண்டினார்கள். ஒரு கூடைச் சாணி எரு புதைத்து வைத்திருந்தார்கள். பிறகு எல்லோரும் சம்பூர்ணத்தின் வயலுக்குப் போனார்கள். குப்பாயி கடப்பாரை போட்டாள். ஓரடி, இரண்டடி, ஒன்றுமில்லை. மூன்றாவது அடியில், ஈர மண்ணுக்குள், முடிச்சுப் போட்ட கயிறு போல ஒரு தடித்த புழு. சாம்பல் நிறம். சம்பூர்ணம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முடிச்சு மெல்ல அவிழ்ந்தது.

"உசிரோட கீது" என்றாள். அருணாச்சலத்தின் கையிலிருந்த பத்திரத்தைப் பிடுங்கி நான்காய்க் கிழித்தாள்.

திரும்பிப் பார்த்தபோது சாமி இல்லை. எளாவூரில் லாரி ஏறினார் என்றார்கள். ஆந்திராவிலும் மண் இருக்கிறது. மில்லுக்காரர்களும் இருக்கிறார்கள்.

அதற்குள் யாரோ அந்தக் குழியின் ஓரத்தில் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டார்கள். குழி மண்ணை நெற்றியில் பூச நாலு பேர் வரிசையில் நின்றார்கள். சம்பூர்ணம் காலால் மண்ணைத் தள்ளிக் கற்பூரத்தை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"நெத்தியில பூசறதுக்கு இம்மாம் அவசரப்படுறீங்களே, அந்த நெத்திக்குப் பின்னாடி இருக்கிறத எப்பய்யா எடுத்து வேலைக்கு அனுப்பப் போறீங்க?"