நாலு மடங்கு கேசரி

படிக்காதவனைவிட ஆபத்தானவன் அரைகுறையாகப் படித்தவன். நான் அந்த ரகம். அறுபதுகளின் தொடக்கத்தில், பி.எஸ்ஸி. பௌதிகம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டை ஏறக்குறையக் கொளுத்தினேன். (ஏறக்குறைய என்பது என் கணக்கு. அம்மாவின் கணக்கில் அந்த வார்த்தை கிடையாது.)

அன்று என் அக்கா கனகத்தைப் பெண் பார்க்க நிலக்கோட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை. அதற்கு முன் வந்த இரண்டு கூட்டமும் பஜ்ஜி தின்றுவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று போனதோடு சரி. இதுவும் தவறினால், அக்காவை இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு புகையிலை மண்டிக்காரருக்குச் சரி சொல்லிவிடுவதாக அப்பா முடிவு செய்திருந்தார். அந்த ஆளுக்கு அப்பாவைவிட இரண்டு வயதுதான் குறைவு.

ஐப்பசி மழையில் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஊதி ஊதி அம்மாவின் கண் சிவந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கரண்ட் மாப்ளைக்குக் கரண்ட்லயே கேசரி கிண்டுவோம்மா" என்றேன்.

சந்தையில் பழைய ராணுவச் சாமான்களோடு கிடந்த அமெரிக்க மின்சார அடுப்பு ஒன்றை வாங்கிப் பரணில் போட்டிருந்தேன். அதன் அடியில் 110 வோல்ட், 5 ஆம்பியர் என்று ஒரு தகடு. காகிதமும் பேனாவும் எடுத்தேன். 110-ஐ 5-ஆல் வகுத்தால் மின்தடை 22 ஓம். பெருக்கினால் திறன் 550 வாட். நம் ஊர் லைனில் வருவது 230 வோல்ட், அதாவது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆகவே திறனும் இரண்டு மடங்கு, கேசரி பாதி நேரத்தில் தயார்! கரண்ட்? அதுதான் தகட்டிலேயே 5 என்று போட்டிருக்கிறதே.

அக்கா எட்டிப் பார்த்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் அவள். காலேஜுக்கு அனுப்பப்பட்டவன் நான். லீவில் என் புத்தகங்களை அவள்தான் படிப்பாள். (யாராவது ஒருவர் படிக்க வேண்டுமே.)

"ஏலே, தடை அதே இருபத்திரெண்டுதான? வோல்ட் இரட்டிச்சா கரண்டும்ல இரட்டிக்கும்? ரெண்டையும் பெருக்குனா நாலு மடங்குல்ல வரும்?"

"காலேஜுக்குப் போனது நீயா, நானா?" என்றேன்.

இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவள் காகிதத்தில் பென்சிலால் ஏதோ எழுதி வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். நான் அதைப் படிக்கக்கூட இல்லை.

அடுப்படியில் பிளக் கிடையாது. பல்பு ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்தேன். பியூஸ் அடிக்கடி போகிறதென்று மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது எங்கள் தெரு வழக்கம். வீடே எரிந்தாலும் அது அறாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். அடுப்பின் கம்பிச்சுருள் சிவந்தது. "இம்புட்டு வேகமாவாடா!" என்று அம்மா பூரித்தார். அவர் வாயை மூடுவதற்குள் ரவை கறுத்தது. கூடத்தில் விளக்கு மங்கியது. ஒயர் புகைந்து, உருகி, மேலே ஹோல்டர் பக்கம் தீ பிடித்துக்கொண்டது.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தவர் மாப்பிள்ளை. மெயினை அணைத்துவிட்டு, ஈரச் சாக்கால் தீயை அடித்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி.

அப்பா என்னை நோக்கிக் கையை ஓங்கினார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். "சகுனமே சரியில்ல. கெளம்புங்க."

"இத யாரு மாட்டுனது?" என்றார் மாப்பிள்ளை.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நாங்க ரெண்டு பேருந்தான்."

அவள் வாழ்க்கையே போய்க்கொண்டிருந்த நேரத்தில் என் அடியில் பாதியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளை கீழே கிடந்த காகிதத்தை எடுத்தார். மேலே என் பேனாவில் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே பென்சிலில்: "கரண்ட் 10-க்கு மேல். பவர் 2400. வேண்டாம்டா தம்பி."

"பென்சில்ல எழுதுனது யாரு?"

நான் கதவைக் காட்டினேன். அக்கா வெளியே வந்தாள்.

"இந்த ரெண்டாயிரத்தி நானூறு எப்படி வந்துச்சு?"

"பாட்டுப் பாடச் சொல்லாம இதென்னடா பரீட்சை?" என்றார் அவர் அம்மா.

அக்கா தலை நிமிராமல் சொன்னாள். "எரநூத்தி முப்பத இருபத்திரெண்டால வகுத்தா பத்தரைக்குக் கிட்ட வரும். அத மறுபடி எரநூத்தி முப்பதால பெருக்குனேன்."

மாப்பிள்ளை தன் அம்மாவிடம் திரும்பினார். "லெட்டரெல்லாம் வேணாம்மா. இங்கனயே சொல்லிருவோம்."

தை மாதம் கல்யாணம். மச்சான் அக்காவை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார். அவள் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தாள். அவர்கள் இருவருக்கும் நான் என்ன கைம்மாறு செய்தேன் என்று யோசித்தால், கேசரியைத் தீய்த்தது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் குடும்பத்தில் நான் சொல்லும் எதையும் இன்றுவரை நாலால் பெருக்கிக்கொள்கிறார்கள். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால் என் மனைவி நாற்பது நிமிஷம் கழித்துத்தான் உலை வைப்பாள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "நல்லா இருக்கியாடா?"

"நல்லா இருக்கேன்க்கா."

"அப்ப நாலு மடங்கு நல்லா இருக்க" என்று சிரித்தாள்.

அவள் கணக்கு அன்றும் தப்பவில்லை, இன்றும் தப்பவில்லை.