காதுகுத்துக்கு வந்த இருட்டு மாமா

ஏலத்தோட்டத்தில் ஒண்டியாகக் குடியிருப்பவன் என்றைக்காவது கம்ப்யூட்டரோடு பேச ஆரம்பித்துவிடுவான். நான் இரண்டாவது மாதமே ஆரம்பித்துவிட்டேன். போடிமெட்டுக்கு மேலே, தோட்ட ஆபீசில் எழுத்தர் வேலை. காலையில் ஜீப்பில் வரும் ஆட்கள் சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். அப்புறம் மழையும் நானும் அந்தப் பழைய பெட்டியும்தான். செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒயர் வழியே நெட் வரும்.

திருப்பூரில் இருக்கும் என் தங்கை செல்வி, தன் பெண் பிள்ளைக்குச் சிலமலைக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடி என்னுடையதுதான். அவளுக்கு வேறு அண்ணன் தம்பி இல்லை. முந்தின நாள் மண் சரிந்து மலை ரோடு அடைபட்டது.

காலையில் செல்வி வீடியோவில் வந்தாள். "அண்ணே, கம்ப்யூட்டர்லயாவது வந்துரு. லேப்டாப்ப நாற்காலில வச்சு, அதுக்கு முன்னாடி பிள்ளைய உக்கார வச்சுக் குத்திர்றோம்."

அவள் பேசி முடிப்பதற்குள் என் படம் மூன்று தடவை வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றதாம். மருமகள் முன்னால் இப்படியா நிற்பது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பழைய மிஷினையும் பறக்கவிடும் என்று சொல்லப்பட்ட இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று பென்டிரைவில் கிடந்தது. செருகினேன். சும்மா ஓட்டிப் பார்க்கிறாயா, இன்ஸ்டாலே பண்ணிவிடவா என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. (ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) பண்ணு என்றேன். பழையது அடியோடு அழிந்தது. புதியது நிஜமாகவே பறந்தது. ஆனால் நாங்கள் வீடியோவில் பேசும் சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை. பிரவுசர் வழியாக எப்படியோ நுழைந்தேன். கேமராவையோ, அப்படி ஒரு பொருளே இங்கே இல்லை என்று சாதித்துவிட்டது.

முகூர்த்த நேரத்தில் புது வேட்டி சட்டையோடு, சம்மணம் போட்டு, மடியை விரித்து உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எல்லாரும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தார்கள்.

"அண்ணே, எங்க இருக்க? ஒரே இருட்டா இருக்கு!"

"இங்கதான் இருக்கேன் ஆத்தா! எனக்கு நீங்க எல்லாரும் தெரியிறீகளே!"

"மாமன் வீட்ல கரண்டு இல்லையோ?" என்றார் காது குத்த வந்த ஆசாரி.

ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். நானும் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். பாழாய்ப்போன மைக் மட்டும் அன்றைக்குக் கச்சிதமாக வேலை செய்தது.

"யாருப்பா அது, இருட்டுக்குள்ள இருந்து அழுகுறது?" என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. பிறகு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். லேப்டாப்பை யாரும் மூடவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி, மடியை மடக்கத் தோன்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக நான் அந்த மலையில் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தக் கேமரா கடைசிவரை கண் திறக்கவே இல்லை; அன்றிலிருந்து நான் 'இருட்டு மாமா'. (நிறத்தைச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் பொருந்தும்.)

போன மாதம் செல்வியின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. நாலு நாள் முன்னதாகவே மலையிறங்கிவிட்டேன். பெரியவளுக்கு இப்போது ஐந்து வயது. விவரம் தெரிந்து என்னை நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா, இருட்டு மாமாவுக்கு மூஞ்சி வந்துருச்சு!"

பந்தலே சிரித்தது. செல்வி சின்னவளைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் பெரியவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, கம்மல் போட்ட காதை ஆசாரியிடம் நீட்டினாள்.

"எனக்கு இன்னொருக்கா குத்துங்க."