தக்காளியார் முகம் காத்த படலம்

வாழிய செங்கன்னம்! மின்விசிறிக் கம்பெனியின் புகார் மேசையில் வீற்றிருந்து, சுற்றாத விசிறிகளால் சூடேறி வந்த மாந்தரின் வசைமாரியைப் பொறுமைக்குடை பிடித்துத் தாங்கிய மாவீரர், கோபமென்பதே அறியாத குளிர்நெஞ்சர், ஆயினும் வெயில் பட்டால், சோப்பு பட்டால், சும்மா காற்று பட்டாலும் அந்திவானமெனச் சிவக்கும் திருமுகத்தர், சக ஊழியரால் 'தக்காளியார்' எனப் பட்டம் சூட்டப்பெற்ற அந்த உத்தமரைப் பாடாத நாவும் ஒரு நாவா? சரி, கேளுங்கள்.

வந்தது சோதனை. "அந்த ஆள் எங்களைப் பார்த்துக் கோபப்படுறார்" என்று வாடிக்கையாளர் சிலர் முறையிட, மேலாளர் நேரில் எழுந்தருளி முழங்கினார்: "அடுத்த மாசம் ஒருநாள் பக்கத்துல வந்து நிப்பேன். மூஞ்சி சிவந்துச்சு, சரக்கறைதான் உங்களுக்கு!" சன்னலோர மேசையும், நாலு பேரோடு பேசும் சந்தோஷமும் ஒருசேரப் பறிபோகுமே!

படை திரட்டினார் வீரர். மைத்துனி ஈந்த பளபளப்புக் களிம்பு, காசாளர் கொணர்ந்த எலுமிச்சைப் பசை, பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்து தந்த சொரசொரப்புத் தேய்ப்பு ஆகிய முப்படைகளையும் ஒரே மாலையில் ஒரே முகத்தில் இறக்க, அவை பகைவனை மறந்து தமக்குள்ளேயே பொருதின. எரிந்தது ஐயா, அப்படி எரிந்தது!

அடைக்கலம் புகுந்தவரைத் தோல் மருத்துவர் ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. வெதுவெதுப்பான தண்ணி, வாசனையில்லாத க்ரீம் ஒண்ணு, வெளிய போனா சன்ஸ்கிரீன். டீயை ஆற வச்சுக் குடிங்க. முகத்தைச் சும்மா விடுங்க, பாதி அடங்கிடும்."

சும்மா விடுவதா! வாளெடுத்தவர்க்கு அதைக் கீழே வைப்பதன்றோ பெரும்போர்! "கையை எடுங்க!" என்று மனைவி அறைக்கு அறை காவல் நிற்க, சொறியத் துடித்த விரல்களைச் சட்டைப்பையில் சிறைவைத்து, ஆடை படர்ந்த டீயைக் கண்மூடி விழுங்கி, வெயில் கண்டால் குடைக்குள் பதுங்கி, தவம் கிடந்தார் தக்காளியார். பாவம் மனுஷன்.

அந்நாளும் வந்தது. மேலாளர் அருகில் நிற்க, மூன்றாம் முறை பழுதான விசிறியைத் தண்டாயுதமெனத் தோளில் ஏந்திப் பாய்ந்தார் ஓர் அம்மையார். "உங்க ஃபேன் சூடாகுதுன்னு அதுக்கு நான் விசிறிவிட வேண்டியிருக்கு!" என்று தொடங்கிய சொல்லம்புகள் இடியோடு பொழிந்தும், வீரர் கன்னம் நிறம் மாறவில்லை. புது விசிறி பெற்று அம்மையார் சாந்தமாகத் திரும்பினார்.

பூரித்தார் மேலாளர். "சபாஷ்! மேசை உங்களுக்குத்தான்!" என்று அறிவித்து, ஆவி பறக்கும் டீயைத் தம் திருக்கரத்தாலேயே நீட்டி, "ஆறிடப் போகுது, என் முன்னாடியே குடிங்க" என்றார். மேலாளர் நீட்டும் டீயை மறுப்பார் உளரோ! ஒரு மிடறு இறங்கியதுதான் தாமதம், கழுத்தடியில் கிளம்பிய செஞ்சேனை தாடைமதில் ஏறி, கன்னக்கோட்டைகள் இரண்டையும் கவர்ந்து, மூக்கின் நுனியில் கொடி நாட்டிற்று!

"என்னய்யா, பாராட்டினாலுமா கோபம்?"

"ஐயோ இல்ல சார், டீ சூடு..."

மறுநாளிலிருந்து அவருக்குச் சரக்கறையில் வேலை. அங்கே வெயில் வராது, முகத்துக்கு நல்லதுதான்.