நான் வரைந்த அம்பலவாணர் பரம்பரை

பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. பிறர் எழுதியதில் பிழை பிடிப்பான். தான் எழுதியதை ரசிப்பான். எனக்கு அது முற்றியது லண்டன் குட்மேய்ஸில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் வரவேற்பறையில்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தமது குடும்பப் பெயர் கொண்டவர்களையெல்லாம் தேவாலயப் பதிவேடுகளில் தேடிப் பிடித்து, சுவர் நிறைய ஒரு வரைபடத்தில் மாட்டி வைத்திருந்தார். அடியில் அவர், உச்சியில் ஓர் ஆட்டுத் திருடன். உங்கள் குடும்பப் பெயர் எவ்வளவு பழையது என்று என்னைக் கேட்டார்.

எங்கள் குடும்பப் பெயர் அம்பலவாணர். உண்மையில் அது அப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? லண்டனுக்கு வந்ததும் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று அப்பாவை அதில் ஏற்றிவிட்டோம். அண்ணைக்கு இங்கே பிறந்த மகள் அபிராமியும் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தாள். ஆகவே நேர்மையான பதில், முப்பது வருடம். நான் சொன்னது, "இருநூறு வருடமாவது இருக்கும்." (ஓர் ஆட்டுத் திருடனுக்கு முன்னால் தலைகுனிவதா?)

சொன்னதை நிரூபிக்க, சனிக்கிழமைகளில் ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினேன். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவின் பாட்டனும் அம்பலவாணர்தான். ஆகவே வெள்ளையர் காலப் பதிவுகளில் எங்கள் பக்கத்து அம்பலவாணர் எவர் அகப்பட்டாலும் அவர் நம்மவரே என்று முடிவு செய்தேன். தாராளமாக அகப்பட்டார்கள். ஒருவர் தலைமையாசிரியர். ஒருவர் தென்னந்தோட்டம் விற்றவர். அதை வாங்கியவரும் ஓர் அம்பலவாணர். அவரை அப்பாவின் பாட்டனாக, அதாவது எங்கள் பூட்டனாக ஆக்கி, விற்றவரை அவருடைய தமையனாகவும், தலைமையாசிரியரை அந்தத் தமையனின் மகனாகவும் ஆக்கினேன். (ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் ஒரே பெயரா என்ற கேள்வி எனக்கு உதிக்கவேயில்லை.) ஆதாரமில்லாத இடங்களைப் பென்சில் கோட்டால் இணைத்தேன். பிறகு, பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமென்று, அந்தக் கோடுகளின் மேல் மையும் பூசினேன்.

அப்போதுதான் அண்ணை வடலண்டன் எட்மண்டனிலிருந்து அழைத்தார்.

"டேய், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். வந்து சபையில இரு. கதையைக் குறை."

அபிராமி சட்டத்தரணி. உடன்படித்த நிருஷனை அவளே தெரிவு செய்திருந்தாள். நிருஷனின் தாய்க்கு மட்டும் இன்னும் முழுச் சம்மதம் இல்லை; ஆக்களைப் பார்த்துத்தான் சொல்லுவேன் என்றிருந்தார். ஆக்களைக் காட்டத்தானே நான் இருக்கிறேன்? வரைபடச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

லூயிஷாமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் மாப்பிள்ளையின் தகப்பனிடம் பெயர் கேட்டேன்.

"அம்பலவாணர். அப்பப்பான்ர பேர். அவர் அந்தக் காலத்துத் தலைமை வாத்தியார்."

எந்த ஊர் என்றேன். எங்களுக்கு அடுத்த ஊர். அண்ணை கண்ணால் எச்சரித்தார். நான் வடைத்தட்டை நகர்த்திவிட்டுச் சுருளை விரித்தேன்.

"பாருங்கோ உங்கட வாத்தியாரை! என்ர பூட்டன்ர தமையன்ர மகன். நாங்கள் ஒரே ரத்தம்!"

நிருஷனின் தாய் விரலால் இரண்டு கிளைகளிலும் மெல்ல இறங்கி வந்தார்.

"அப்ப நீங்களும் இவரும்?"

"அண்ணன் தம்பி!"

"அப்ப பிள்ளையள்?"

நான் வடைத்தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். தகப்பன் வழியில் அண்ணன் தம்பியின் பிள்ளைகள் அண்ணனும் தங்கையும் என்பது எனக்கும் தெரியும்.

தாய் தேநீரைக் கீழே வைத்தார். "எழும்புங்கோ, போவம். முறை பிழைச்சுக் கலியாணம் செய்ய ஏலாது."

"உன்னை நான் என்னத்துக்கடா கூப்பிட்டனான்?" என்றார் அண்ணை.

"நான் அப்பவே சொன்னனான், இவரைக் கலியாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாப் போதுமெண்டு," என்றார் அண்ணி.

அபிராமி மட்டும் பதறவில்லை. "அன்ட்டி, ஒரு நிமிஷம் இருங்கோ. சித்தப்பா, இந்தக் கோட்டுக்கு என்ன எவிடன்ஸ்?"

"எல்லாம் ஆவணத்தில..."

"வாத்தியார் இருக்கிறார், சரி. தோட்டம் வித்தவர்தான் அவற்ர தகப்பன் எண்டு எங்க கிடக்கு?"

"அது ஊகம்."

"ஊகத்தை ஏன் மையால கீறினீங்கள்?"

"வடிவா இருக்கட்டுமெண்டு."

அவள் குனிந்து பார்த்தாள். "தகப்பன் பிறந்த வருஷத்தை வாசியுங்கோ." வாசித்தேன். "இப்ப மகன்ர." அதையும் வாசித்தேன், பாதியில் குரல் இறங்கிவிட்டது.

மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவர்.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் தகப்பன். "அப்பப்பா கெட்டிக்காரன் எண்டு தெரியும். இவ்வளவு கெட்டிக்காரன் எண்டு தெரியாது!"

அவருடைய மனைவி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டு இரண்டு வருடங்களையும் தாமே வாசித்தார். "தம்பி, இது பிழையெண்டு உங்கட வாயால சொல்லுங்கோ."

திருத்தங்களை ஆகச் சிறிய எழுத்தில், மூலையில் போடுவது எங்கள் தொழில் மரபு. இங்கே அதற்கு இடமில்லை. "நான் கீறினது பிழை. நாங்கள் சொந்தமில்லை."

"பலமாச் சொல்லு," என்றார் அண்ணை.

பலமாகச் சொன்னேன். நிருஷனின் தாய் உட்கார்ந்தார். "தேத்தண்ணி ஆறிப்போச்சு, பிள்ளை. வேற போடுங்கோ," என்று அபிராமியிடம் கோப்பையை நீட்டினார். கலியாணம் அந்த இடத்தில் நிச்சயமானது.

இன்றைக்கும் நான் அவர்கள் வீட்டு வாசலை மிதித்தால், அபிராமி புருஷனைப் பார்த்து, "அண்ணா! சித்தப்பா வந்திருக்கிறார்!" என்று கூவுவாள். "வாறன் தங்கச்சி!" என்று அவன் மாடியிலிருந்து பதில் கொடுப்பான். பெரியவர்களுக்கு அது பகிடி. அவர்களுடைய இரண்டு வயது மகளுக்கு அது தெரியாது. அவளும் தகப்பனை "அண்ணா" என்றே கூப்பிடுகிறாள், நேர்சரி வாசலிலும்கூட. அங்கே வரும் தமிழ்த் தாய்மார் திகைத்து விளக்கம் கேட்டால், நிருஷன் என் தொலைபேசி எண்ணைக் கொடுக்கிறான்.